செருப்புக்கிட்ட நில்லு

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. கூட்டமான இடத்துக்குப் போனால் எல்லாருடைய செருப்பையும் ஒரே இடத்தில் கழற்றி, ஒரு நீல றிப்பன் நாடாவால் சேர்த்துக் கட்டி வைப்போம். யாராவது தவறிப்போனால் செருப்புக்கிட்ட வந்து நிற்க வேண்டும். மற்றவர்கள் அங்கே வந்து சேர்வார்கள்.

அந்தச் சட்டத்தை உண்டாக்கியவள் என் மகள்தான். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் தேருக்குப் போயிருந்தோம். வடம் பிடிக்கிற கூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது அவள் கை என் கையிலிருந்து நழுவிவிட்டது. நானும் மனைவியும் அழுதுகொண்டு வீதி முழுக்க ஓடினோம். ஒலிபெருக்கியில் சொல்லச் சொன்னோம். கடைசியில் வாசலில், நாங்கள் செருப்பைக் கழற்றிய இடத்திலேயே அவள் உட்கார்ந்திருந்தாள். எங்கள் இருவருடைய செருப்புகளும் அவள் மடியில் இருந்தன. அழுத அடையாளமே இல்லை.

"நீங்க செருப்பு இல்லாம வீட்டுக்குப் போக மாட்டீங்கதானே," என்றாள்.

அந்தப் பேச்சை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன். நான் படிப்பிக்கிறவன். அறிவுள்ள ஒரு பேச்சைக் கேட்டால் அதை உடனே பாடமாக்கிவிடுகிற பழக்கம் எனக்கு உண்டு. றிப்பனை வாங்கிக் கொடுத்தது நான்தான். "எங்க தொலைஞ்சாலும் செருப்புக்கிட்ட நில்லு" என்று வருடக்கணக்காக அவள் காதில் ஓதியதும் நான்தான்.

எங்கள் நகரத்தில் ஓர் உள்ளக விளையாட்டரங்கு இருக்கிறது. அதன் முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை. இண்டோர் என்றால் எல்லாருக்கும் தெரியும். வளைந்த தகரக் கூரை, உயரமான சுவர், முன்னால் அகலமான படிகள். சனிக்கிழமையில் பட்மின்டன் நடக்கும். அடுத்த நாள் அதே இடத்தில் வலையைச் சுருட்டிவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தின் பரிசளிப்பு நடக்கும். சித்திரை மாதத்தில் துணி விற்பார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டுக் கச்சேரி. மகள் அங்கேதான் பட்மின்டன் பழகினாள். நான் படியில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவேன்.

உள்ளே தரை முழுக்கப் பலகை. வெளிச்சம் பட்டால் தேன் மாதிரி இருக்கும். அந்தத் தரைக்கு ஒரு பொறுப்பாளர் இருந்தார். வயதான சிங்கள மனிதர், பிள்ளைகள் எல்லாரும் அவரை அங்கிள் என்பார்கள். தரையில் யாராவது சுவிங்கம் துப்பியிருந்தால் முட்டி போட்டு, பாண் வெட்டுகிற கத்தியால் அதைச் சுரண்டி எடுப்பார். சுரண்டி முடிகிற வரைக்கும் துப்பியவனின் பரம்பரையைத் திட்டுவார். வெளியில் போடுகிற சப்பாத்தோடோ செருப்போடோ ஒருத்தர் உள்ளே கால் வைக்க முடியாது. கச்சேரி நாளில் பலகைக்கு மேலே தறப்பாள் விரித்துவிடுவார்கள். அப்போதும் அவர் விட மாட்டார். ஒரு தடவை பிரதம விருந்தினராக வந்த ஒருவர் கழற்றிய பிறகு பார்த்தால் காலுறையில் ஓட்டை. பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தபடி குத்துவிளக்கு ஏற்றினார். ஊர் பல நாள் சிரித்தது.

அதனால் இண்டோருக்குப் போனால் எல்லாரும் முன் கதவால்தான் போவார்கள். அங்கேதான் செருப்புத் தட்டுகள் இருந்தன. பக்கத்தில் இரண்டு கதவும் மேடைக்குப் பின்னால் ஒரு கதவும் இருந்தன என்பது எனக்கே சரியாகத் தெரியாது. இத்தனை வருடம் படியில் உட்கார்ந்திருந்தவனுக்கே தெரியாது.

அன்று ஞாயிறு பின்னேரம். மகளுக்குப் பதினாறு வயதில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சை முடிந்திருந்தது. தோழியோடு கச்சேரிக்குப் போக வேண்டும் என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்குள் முடிந்துவிடும் என்று டிக்கெட்டில் போட்டிருந்ததால் ஒத்துக்கொண்டேன். எங்கள் வீடு இருக்கிற அலுவிகாரையிலிருந்து நானே இருவரையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். மகள் மஞ்சள் சட்டை போட்டிருந்தாள், தோழி கறுப்பு.

வாசலில் வைத்து மகள் என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க இங்கயே நிக்கப் போறீங்களா?"

"இல்லம்மா. வீட்டுக்குத்தான் போறேன்."

"உண்மையா?"

"போறேன்னு சொல்றேன்ல."

தோழி சிரித்தாள். "அங்கிளையும் உள்ள கூட்டிட்டுப் போவோமாடி? ஆடுவாங்க."

"எங்கப்பாவா? ஆடுறதுக்கு முன்னுக்கு எல்லாரையும் உசர வரிசையில நிக்கச் சொல்லுவாங்க."

இரண்டும் சிரித்தன. பிறகு மகள் குனிந்து தன் செருப்புகளைக் கழற்றினாள். பையிலிருந்து நீல றிப்பனை எடுத்து இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். நான் சொல்லவில்லை. தட்டுகள் நிரம்பிவிட்டதால் கதவுக்கு உட்பக்கம் தரையில், சுவர் மூலையில் வைத்தாள்.

"இன்னும் இந்தப் பைத்தியம் போகலையா ஒனக்கு?" என்றாள் தோழி.

"எங்க வீட்டுச் சட்டம்டி," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

நான் வீட்டுக்குப் போகவில்லை. வீதியின் மறுபக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது. அங்கே ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். எதிர் மேசையில் தொப்பி போட்ட ஒரு மனிதர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். அவரும் தூணுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து, இடைக்கிடை தலையை நீட்டி இண்டோர் வாசலைப் பார்த்தார்.

"ஒங்கட புள்ளையும் உள்ளுக்கா?" என்றார்.

"ஆமாங்க. மகள்."

"என்ட மகன். நான் இப்ப கண்டியில ஈக்கிறேன்."

எனக்கு விளங்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். "கண்டிக்குப் போறேன்னு அவன்கிட்ட செல்லிட்டுத்தான் இங்க வந்தீக்கிறேன். வாப்பா வாசல்ல நின்டா அவருக்கு வெக்கமாம்."

"நான் வீட்டுல படுத்திருக்கேன் நானா," என்றேன்.

முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் பிளேன்டீ புரையேறும்படி சிரித்தார். மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவர் என்றார். நான் படிப்பிக்கிறவன் என்றதும் மரியாதையாக 'சேர்' போட்டுக் கூப்பிடத் தொடங்கினார். இருவரும் பிள்ளைகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மழை பிடித்தது. தகரக் கூரைக்கு உள்ளே பாட்டு, மேலே மழை. வார்த்தை ஒன்றும் கேட்கவில்லை, இடி மாதிரித் தாளம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

திடீரென்று தாளம் நின்றது. கடையிலும் விளக்கு அணைந்தது.

"கரண்ட் போச்சு," என்றார் கடைக்காரர்.

"இனி பாட்டுக்காரருக்குத் தொண்டைதான்," என்றார் நானா.

உள்ளே பிள்ளைகள் ஓவென்று கூவினார்கள். பாடம் நடக்கும்போது கரண்ட் போனால் வகுப்பில் கூவுவார்களே, அதே சந்தோஷம். நான் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அந்தச் சத்தம் மாறியது. பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் விளையாடிக் கத்துகிறார்களா, யாருக்கோ அடிபட்டுக் கத்துகிறார்களா என்பது படிப்பிக்கிறவனுக்குச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே தெரியும். நான் எழுந்து நின்றுவிட்டேன். உட்கார்ந்திருந்த கதிரை விழுந்தது.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில் புகை வந்ததாம். யாரோ நெருப்பு என்று கத்தினார்களாம். நெருப்பு ஒன்றும் இல்லை. இதெல்லாம் பிறகு தெரிந்தது. மேடை விளக்குகளின் வெளிச்ச விளையாட்டுக்காக ஜன்னல் எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் மறைத்திருந்தார்கள். பக்கக் கதவுகளும் அந்தத் துணிக்குப் பின்னால் போய்விட்டன. அவை பூட்டியிருக்கவில்லை, சாத்தித்தான் இருந்தன. தள்ளினால் திறந்திருக்கும். ஆனால் இருட்டில் எல்லாரும் தாங்கள் வந்த கதவுக்கு, தங்கள் செருப்பு இருந்த கதவுக்குத்தான் ஓடி வந்தார்கள்.

நான் வீதியைத் தாண்டிப் படியேறியபோது என் கண்ணால் கண்டது இது. முன்னால் வந்த பிள்ளைகள் வாசலுக்கு வந்ததும் குனிந்தார்கள். செருப்பைத் தேடினார்கள். புதுச் சப்பாத்தை விட்டுவிட்டுப் போனால் வீட்டில் என்ன சொல்வார்கள்? இந்தக் காலத்தில் ஒரு சோடி வாங்குவது லேசா? குனிந்தவர்கள் மேல் பின்னால் வந்தவர்கள் விழுந்தார்கள். அவர்கள் மேல் இன்னும் பின்னால் வந்தவர்கள். கால் வைத்த இடமெல்லாம் செருப்பு வழுக்கியது.

நானும் நானாவும் வீதியில் போனவர்களுமாகக் கையில் பட்டவர்களை இழுத்தோம். ஒரு கையைப் பிடித்து இழுக்கும்போது அது யாருடைய கை என்று தெரியாது. நான் மஞ்சளைத் தேடினேன். நீலம், வெள்ளை, சிவப்பு எல்லாம் வந்தன. அழுகிற முகத்தை ஒரு கணம் பார்ப்பேன், அவள் இல்லை என்றதும் அடுத்ததை இழுப்பேன். அவள் இல்லை என்று தெரிந்ததும் அந்தப் பிள்ளையை நான் எப்படிக் கீழே விட்டேன், மெதுவாகவா, போட்டுவிட்டா என்பது எனக்கு நினைவில்லை. ஆட்டோக்காரர்கள் படி வரைக்கும் வண்டியை ஏற்றி, விழுந்தவர்களை அள்ளிக்கொண்டு போனார்கள்.

"பின்னுக்கு! பின்னுக்குக் கதவு தெறந்திருக்கு!" என்று பொறுப்பாளர் சிங்களத்தில் கத்திக்கொண்டு கட்டிடத்தைச் சுற்றி ஓடினார். அவர்தான் வெளியிலிருந்து பின் கதவை இழுத்துத் திறந்திருந்தார். நான் அவர் பின்னால் ஓடினேன். சேற்றில் வெறுங்காலோடு பிள்ளைகள் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு மஞ்சள் சட்டை, முதுகுப் பக்கம். ஓடிப்போய்ப் பின்னாலிருந்து அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டேன். "பாப்பா" என்று கத்தினேன்.

திரும்பியது தோழி.

"அங்கிள்... நாங்க சட்டைய மாத்திக்கிட்டோம். உள்ள போனதும். சும்மா..."

"அவ எங்க?"

"என் கூடத்தான் வந்தா. இந்தக் கதவு தெறந்தது வெளிச்சத்துல தெரிஞ்சிச்சு, கையப் புடிச்சிக்கிட்டுத்தான் வந்தோம். கிட்ட வந்ததும் கைய விட்டுட்டா. 'அப்பா வந்தா செருப்புக்கிட்டதான் தேடுவாங்க, நான் அங்க போறேன்'னு சொன்னா. நான் போகாதடீன்னேன் அங்கிள். கத்துனேன்."

என் கை இன்னும் அந்த மஞ்சள் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை விடுவிக்க அந்தப் பிள்ளைதான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

திரும்ப முன்பக்கம் ஓடினேன். அதற்குள் வாசல் காலியாகிவிட்டது. விழுந்தவர்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள். உள்ளே ஆள் யாரும் இல்லை என்று டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். மிஞ்சியது செருப்புகள்தான். முழங்கால் உயரத்துக்குச் சுவரோரம் குவிந்து, நனைந்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன.

கறுப்புச் சட்டை. இழுத்தவர்களில் கறுப்புச் சட்டை இருந்ததா? நான் மஞ்சளையல்லவா தேடினேன்? கறுப்பு வந்திருந்தால் அதன் முகத்தை நான் பார்த்தேனா?

மகளிடம் போன் கிடையாது; மனைவி என்னைத்தான் போனில் கூப்பிட்டாள். யாரோ அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

"புள்ள எங்கங்க?"

"இங்கதான் இருக்கா."

"அவகிட்ட குடுங்க."

"கூட்டமா இருக்கு. சத்தம் கேக்காது."

"ஒரு வார்த்த பேசச் சொல்லுங்க. அம்மான்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க."

நான் போனை அணைத்துவிட்டேன்.

பிறகு குவியலுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். பொறுப்பாளர் வந்து பக்கத்தில் நின்று டோர்ச் பிடித்தார். எதைத் தேடுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. அவர் காலில் சப்பாத்து இருந்தது. அந்தப் பலகைத் தரையில், சேறு பூசிய சப்பாத்தோடு அவர் நிற்பதை அன்றுதான் பார்த்தேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம் சேர்," என்று நானா என் தோளைப் பிடித்தார். "எல்லாத்தையும் அங்கதான் கொண்டு போயீக்கிறாங்க. எனக்கும் மகனைக் காணல்ல. எழும்புங்க."

"நான் வரல்ல. அவ இங்கதான் வருவா."

"இங்க ஒரு புள்ளையும் இல்ல சேர்."

"ஒங்களுக்குத் தெரியாது நானா. எங்க வீட்டுல ஒரு சட்டம் இருக்கு. நான் இங்க இருந்து போயிட்டா அவ வந்து பாத்திட்டு..." மகள் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கலாம் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் அங்கிருந்து எழுந்தால் அவளைக் கைவிட்டதாக ஆகிவிடும் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. பின் கதவுக்குக் கிட்ட வந்தும் அவள் திரும்பி ஓடியது இப்படித்தான் இருந்திருக்கும்.

அப்போது நானாவின் போன் அடித்தது. அவர் எடுத்தார். "எங்க?... வூட்டுலயா?... எப்படி வந்தான்?... வெறுங்காலோடயா?" என்றார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுதார் என்று நினைக்கிறேன். ஆனால் திரும்பியபோது முகத்தைத் துடைத்துவிட்டு, மகன் கிடைத்துவிட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"என்ன நெறம் சேர் செருப்பு?"

"மண்ணிறம். நீல றிப்பன் கட்டியிருக்கும்."

இருவரும் தோண்டினோம். குவியலின் அடியில், அவள் வைத்த அதே சுவர் மூலையில் அது கிடந்தது. ஒற்றைச் செருப்பு. வாரில் றிப்பனின் முடிச்சு அப்படியே இருந்தது. மறு முனை அறுந்திருந்தது. அந்தக் கட்டு தற்செயலாகக் கால் பட்டு அறுந்துபோகாது. நான்தான் போடச் சொல்லிக் கொடுத்தேன். பிடித்து, பலமாக இழுத்தால்தான் அறுந்திருக்கும்.

அவள் இங்கே வந்து சேர்ந்திருக்கிறாள். இந்த மூலைக்கு, இத்தனை பேருக்கு அடியில்.

அதைப் பார்த்த பிறகுதான் என்னால் எழ முடிந்தது. நானாவின் வான் வண்டியில் ஏறினோம். பின்னால் மூட்டைகள் இருந்தன. கராம்பு மணம் மூக்கில் ஏறியது. இன்றைக்கும் தேநீரில் ஒரு கராம்பு போட்டால் என்னால் குடிக்க முடியாது. அவர் ஹோர்ன் அடித்துக்கொண்டே ஓட்டினார். நான் அந்த ஒற்றைச் செருப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். வாகனங்கள் வழிவிடவில்லை. மழையில் ஒரு பஸ் குறுக்கே நின்றது. நான் இறங்கி ஓடப் பார்த்தேன். நானா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஓடி என்ன செய்யப் போறீங்க? இரிங்க. துஆ செய்ங்க. ஒங்கட சாமிகிட்ட கேளுங்க. ஆரும் ஒருத்தர் கேக்கட்டும்."

ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் போல எத்தனையோ தகப்பன்மார், தாய்மார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிறத்தைச் சொல்லிக் கேட்டார்கள். நானும் "கறுப்புச் சட்டை, கறுப்புச் சட்டை" என்று கேட்டேன். தாதி ஒருவர் என் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். சிங்களத்தில் கேட்டார்: "இதோட சோடி உங்க மகள்கிட்டயா இருக்கு?"

என்னை ஒரு திரைக்குப் பின்னால் கூட்டிப் போனார். மகள் ஒரு தள்ளுகட்டிலில் கிடந்தாள். ஒரு காலை மட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். முகம் வீங்கி, கழுத்தில் சப்பாத்தின் அச்சு மாதிரி ஒரு சிவப்பு. மூக்கில் குழாய். கண் மூடியிருந்தது. வலது கை மட்டும் நெஞ்சின் மேல் ஒரு மண்ணிறச் செருப்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

"விட மாட்டேங்குது," என்றார் தாதி. "ஊசி போடணும்னு கேட்டும் குடுக்கல்ல. இடது கையிலதான் போட்டோம்."

நான் அவள் காதருகில் குனிந்தேன். கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தாள்.

"அப்பா," என்றாள். குரல் இல்லை, காற்றுதான் வந்தது. "ஒங்களுக்கு நேரமாகும்னு தெரியும். வீட்டுல இருந்து வரணுமே. அதான் அங்கயே இருக்கப் பாத்தேன்."

வீதியின் மறுபக்கத்தில்தான் இருந்தேன் என்று அவளிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

கணுக்காலில் எலும்பு முறிந்திருந்தது. விலாவில் கன்றிப்போயிருந்தது. பிழைத்துவிட்டாள். அன்று யாரும் சாகவில்லை. இதை எல்லாரும் என்னிடம் சொல்கிறார்கள். பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில், கடையில். "ஒருத்தரும் சாகலதானே சேர், பெரிய புண்ணியம்." ஆமாம் என்கிறேன். பத்திரிகையில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாக வந்து முடிந்துவிட்டது. இண்டோரைக் கொஞ்ச நாள் மூடிவைத்துப் பிறகு திறந்துவிட்டார்கள். ஊர் பழையபடி அங்கே போகிறது. நான் மட்டும் எந்த மண்டபத்துக்குள் போனாலும் முதலில் கதவுகளைத் தேடுகிறேன். வகுப்பறையில் கரண்ட் போய்ப் பிள்ளைகள் கூவினால் சோக்கட்டியைக் கீழே வைத்துவிடுகிறேன். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். மழை தகரத்தில் விழும் சத்தம் கேட்டால் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். அன்று போனை அணைத்ததைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நன்றாக இருக்கும் என்று சில நேரம் நினைக்கிறேன்.

கால் ஆறியதும் மகள் பட்மின்டனுக்குப் போக வேண்டும் என்றாள். நான் முடியாது என்றேன். சாப்பிடாமல் இருந்தாள். மனைவி சொன்னாள், "நீங்க பயப்படுறதுக்கு அவ ஏங்க வீட்டுல இருக்கணும்?"

போன சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். அவள் இன்னும் லேசாக நொண்டுகிறாள். வாசலில் புதுச் செருப்பைக் கழற்றினாள். பொறுப்பாளர் அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார். தலையைத் தடவினார். எனக்காக ஒரு காரியம் செய்தார். செருப்போடு உள்ளே வரச் சொன்னார். நான் கழற்றிவிட்டுத்தான் போனேன்.

மகளை ஒவ்வொரு கதவாக நடத்திக் கூட்டிப் போனேன். தள்ளச் சொன்னேன். தள்ளினாள், திறந்தது. வெளியே சேறும் வாழை மரங்களும் தெரிந்தன.

"அப்பா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். கேளு. கரண்ட் போனா, என்ன நடந்தாலும், கிட்ட இருக்கிற கதவால வெளிய போ. செருப்புக்கு வராத. என்னையத் தேடாத."

என்னைத் தேடாதே என்று என் பிள்ளையிடம் சொல்ல வேண்டி வரும் என்று நான் நினைத்ததில்லை.

அவள் என்னையே பார்த்தாள். "சரி, நான் வரல்ல. ஆனா நீங்க செருப்புக்கிட்டயேதான் நிப்பீங்க. எனக்குத் தெரியும். அப்ப நான் எப்படிப் போவேன்?"

உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். மட்டையைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி ஓடினாள்.

நான் வாசலுக்கு வந்தேன். என் செருப்பைப் போட்டுக்கொண்டேன். படியில் உட்காரப் போனவன் திரும்பிப் பார்த்தேன். தட்டில் அவளுடைய செருப்பு, என்றைக்கும் போல, கதவுக்குப் பக்கத்தில். பிறகு அந்தச் சோடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீதியைத் தாண்டினேன். தேத்தண்ணிக் கடையில், தூணுக்கு முன்னால், வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் உட்கார்ந்தேன். தாள் திருத்தக் கொண்டு போயிருந்தேன், ஒன்றையும் திருத்தவில்லை.

பயிற்சி முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். மகள் தட்டில் தேடினாள். குனிந்து கீழே பார்த்தாள், சுவர் மூலையைப் பார்த்தாள். நிமிர்ந்து வீதியைப் பார்த்தாள். என்னைக் கண்டுகொண்டாள். வெறுங்காலோடு, ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று, நொண்டிக்கொண்டு வீதியைத் தாண்டி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"எங்கப்பா என் செருப்பு?"

பையைத் திறந்து காட்டினேன்.

"கல்லு குத்துது தெரியுமா," என்றாள். எதிரே உட்கார்ந்து காலைத் தூக்கி உள்ளங்காலைத் தட்டிவிட்டாள். பிறகு கடைக்காரரிடம் இரண்டு பிளேன்டீ சொன்னாள்.